அடியிலேர்ந்து மேல கட்டுற அரசு: அடுக்கடுக்கான தன்னாட்சி நிஜத்துல நிக்குமா?

வரப்போரம்:

அரசுன்னா மேல ஒரு இடத்துல அதிகாரம் இருக்கும், அது மனசு வச்சு கீழ கொஞ்சம் பிரிச்சுக் கொடுக்கும், இப்படித்தான் பெரும்பாலான நாடுகள்ல நடக்குது. அதை அப்படியே மாத்தி, கீழேர்ந்து மேல கட்டிட்டு வந்தா என்ன ஆகும்னு ஒரு வரைவு போட்டுப் பார்த்தேன். இங்க வைக்கிறேன், எங்கெல்லாம் ஓட்டை இருக்குன்னு சொல்லுங்க.

அடித்தளம் 150 குடும்பம். சுமாரா 600 பேர், அதுல ஓட்டுப் போடுற வயசுல ஒரு 400 பேர். இவ்வளவு பேர்னா ஒரே இடத்துல உக்காந்து பேசிக்கலாம், யாரு என்ன வேலை செஞ்சாங்க யாரு செய்யலன்னு எல்லாருக்கும் தெரியும். இது மாதிரி 30 அவை சேர்ந்தா அடுத்த அடுக்கு, 18,000 பேர். அதுல 30 சேர்ந்தா 5 லட்சத்து 40 ஆயிரம். அதுல 30 சேர்ந்தா 1 கோடியே 62 லட்சம். நாலே அடுக்குல ஒரு நடுத்தர நாடு உள்ள அடங்கிடுது, அஞ்சாவது போட்டா 48 கோடியே 60 லட்சம், இந்தியாவும் சீனாவும் தவிர உலகத்துல எந்த நாடும் மிச்சம் இல்ல.

விதி மூணு. அதிகாரம் முழுக்க அடி அவைக்குத்தான், தன்னால முடியாததை மட்டும் அது மேல அனுப்பும். வரியை அடி அவை வசூல் பண்ணி மேல பங்கு கொடுக்கும், மேலேர்ந்து கீழ வர்றது கிடையாது. ஒவ்வொரு அடுக்கும் தன்னோட பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அடுத்த அடுக்குக்கு அனுப்பும், சரியில்லன்னா எப்ப வேணா திரும்ப அழைச்சுக்கும்.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்ல. ஜெர்மன்காரர் அல்தூசியஸ் 1603லயே குடும்பம், தொழில் குழு, நகரம், மாகாணம், நாடுன்னு கீழேர்ந்து அடுக்கி எழுதிட்டாரு. அமெரிக்க அதிபரா இருந்த ஜெஃபர்சன் 1816ல ஜோசப் கேபெலுக்கு எழுதின கடிதத்துல வார்டு, கவுண்டி (மாவட்டம் மாதிரி), மாநிலம், ஒன்றியம்னு நாலு குடியரசா படிப்படியா அடுக்கச் சொல்றாரு. காந்தி 1946 ஜூலைல ஹரிஜன்ல எழுதினது நம்மள்ல பல பேருக்குத் தெரியும், வாழ்க்கை அடிமட்டத்து மேல உச்சி உக்காந்திருக்கிற பிரமிடா இருக்காது, விரிஞ்சுகிட்டே போற கடல் வட்டங்களா இருக்கும், நடுவுல தனிமனுஷன் இருப்பான்னு. இத்தனை பேர் இத்தனை காலமா சொல்லியும் ஏன் ஒரு பெரிய நாடு கூட இப்படி முழுசா கட்டப்படல? என்னைக் குடையுற கேள்வி அதுதான்.

எண்கணக்கன்:

வரைவு நல்லா இருக்கு தோழர், ஆனா மூணாவது விதியில ஒரு பெரிய ஆபத்து ஒளிஞ்சிருக்கு, கணக்குப் போட்டாத்தான் அது வெளிய வரும்.

சின்னதா எடுத்துக்குவோம். 125 பேர். அஞ்சஞ்சு பேரா 25 குழு. ஒவ்வொரு குழுவும் ஒரு பிரதிநிதி, ஆக 25 பிரதிநிதி. அந்த 25 பேரும் அஞ்சஞ்சா பிரிஞ்சு 5 பேரை மேல அனுப்புறாங்க. அந்த 5 பேர்ல 3 பேர் சொல்றதுதான் முடிவு. இப்ப ஒரு கட்சி மேல ஜெயிக்கணும்னா என்ன வேணும்? மேல 3 பேர் போதும். அந்த மூணு பேர் ஒவ்வொருத்தருக்கும் கீழ 3 பிரதிநிதி போதும், ஆக 9. அந்த ஒம்பது பேருக்கும் ஆளுக்கு 3 ஓட்டு போதும், ஆக 27. 125ல 27 பேர் நினைச்சா நாட்டையே புடிச்சிடலாம், மிச்சம் 98 பேர் எதிர்த்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு அடுக்கு கூட்டினா 625ல 81 போதும், அதாவது நூத்துக்கு 13 பேர். அடுக்கு கூடக்கூட இந்த விகிதம் இறங்கிட்டே போகும்.

அந்த 27 பேர் கச்சிதமா அந்தந்த இடத்துல இருக்கணுமேன்னு கேப்பீங்க. உண்மைதான். ஆனா எல்லையை வரையறவன் கையில பென்சில் இருக்கு இல்லையா, அவனால அப்படி அமைக்க முடியும். அதுவும் வேணாம், யாரும் திட்டம் போடாமயே இன்னொண்ணு நடக்கும். நாட்டுல 40 சதவீதம் பேருக்கு ஒரு கருத்து, அவங்க எல்லா இடத்துலயும் சமமா பரவி இருக்காங்கன்னு வைங்க. ஒவ்வொரு அடி அவையிலயும் 60க்கு 40ல தோப்பாங்க. ரெண்டாவது அடுக்குக்குப் போற பிரதிநிதிகள்ல அவங்க ஆள் ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க. பத்துல நாலு பேர் மொத அடுக்கைத் தாண்டினதுமே காணாம போயிட்டாங்க.

இது வெறும் காகிதக் கணக்கு இல்ல. பாகிஸ்தான்ல அயூப் கான் 1959ல அடிப்படை ஜனநாயகம்னு கொண்டு வந்தாரு, கீழ சின்னச் சின்ன கவுன்சில், அதுக்கு மேல அடுக்கடுக்கா கவுன்சில், பார்க்க உங்க வரைவு மாதிரியே இருக்கும். அடியில தேர்ந்தெடுத்தது மொத்தம் 80,000 பேர். அந்த 80,000 பேர்தான் 1960ல அயூப் கானுக்கு 95 சதவீதத்துக்கு மேல ஆதரவு கொடுத்தாங்க, 1965 அதிபர் தேர்தல்ல ஃபாத்திமா ஜின்னாவை எதிர்த்து அவரை ஜெயிக்க வச்சதும் அவங்கதான். கிட்டத்தட்ட 9 கோடி பேர் இருந்த நாட்டுல 80,000 பேரை மிரட்டுறதும் வாங்குறதும் அரசாங்க இயந்திரத்துக்கு எவ்வளவு சுலபம்னு யோசிங்க. அடியிலேர்ந்து கட்டினதுன்னு பேரு, ஆனா புடி முழுக்க உச்சியில.

தெற்குவாசல்:

27/125 நான் இதுவரைக்கும் யோசிக்கவே இல்லாத விஷயம். நன்றி.

எனக்கு ஒரு சின்ன கேள்வி. இந்த அவைக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கும்? ரெண்டு ஷிப்ட் வேலை பாக்குறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, படுக்கையில இருக்கிற அம்மா அப்பாவைப் பாத்துக்கிறவங்க இவங்கல்லாம் வர மாட்டாங்க. வந்து உக்கார்றது ரிட்டயர் ஆனவங்களும், சொத்து வச்சிருக்கிறவங்களும், பேசுறதுல ஆர்வம் இருக்கிறவங்களும்தான். அப்ப அது யாரோட ஆட்சி?

பழையவாசகி:

தெற்குவாசல் சொன்னது பாதிதான், நான் மீதியைச் சொல்றேன். நேரம் இருந்து வந்து உக்காந்தாலும் வாயைத் திறக்க முடியணுமே.

"யாரு என்ன செஞ்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்"னு வரப்போரம் ஒரு நல்ல விஷயமா எழுதியிருக்காரு. அதுதான் எனக்குப் பயமே. 150 குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கூலிக்குப் போற ஆளு, அவர் நிலத்துல குடியிருக்கிற ஆளு, அவர்கிட்ட கடன் வாங்கின ஆளு, கை தூக்கி அவருக்கு எதிரா ஓட்டுப் போடுவாங்களா? பெரிய ஊர்ல, ரகசிய ஓட்டுல, முகம் தெரியாத கூட்டத்துல கிடைக்கிற பாதுகாப்பு இங்க கிடையாது. அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில கிராமத்தை அடி அலகா வைக்கச் சொன்னவங்களுக்குக் கொடுத்த பதிலைத் திரும்பப் படிங்க. குறுகின புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம்னு சொன்னாரு, தனிமனுஷனைத்தான் அரசியல் சட்டத்தோட அலகா வச்சாங்கன்னு சந்தோஷப்பட்டாரு. காந்தியை எடுத்துப் பேசுறவங்க இந்தப் பேச்சைத் தாண்டிப் போகக் கூடாது.

உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி யாராவது கண்டிப்பா பேசுவீங்க, அதனால நானே சொல்லிடுறேன். 919லயும் 921லயும் பராந்தக சோழன் காலத்துல வெட்டினது. 30 குடும்பு (வார்டு மாதிரி), குடவோலை, ஏரிக்கு வாரியம், தோட்டத்துக்கு வாரியம், கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது, மூணு வருஷத்துக்குள்ள பதவியில இருந்தவன் நிக்கக் கூடாது, எல்லாம் அருமையான விதிங்கதான், மறுக்கல. ஆனா நிக்கிறதுக்குத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வயசு 35க்கு மேல 70க்குள்ள, வேதம் தெரிஞ்சிருக்கணும். அந்த ஊர்ல உழுதவங்க யாரு பேரும் குடத்துக்குள்ள போகல.

பழைய கதைன்னு தள்ளிடாதீங்க. சுவிட்சர்லாந்துல அப்பென்ஸெல் இன்னர்ரோடன்னு ஒரு சின்ன கான்டன் (அந்த நாட்டு மாநிலம்), வருஷத்துக்கு ஒருவாட்டி எல்லாரும் திறந்த வெளியில நின்னு கை தூக்கி ஓட்டுப் போடுவாங்க, நேரடி ஜனநாயகத்துக்கு எல்லாரும் காட்டுற உதாரணம். அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டு 1990 வரைக்கும் கிடையாது. நாட்டளவுல 1971லயே கொடுத்தாச்சு, இந்த அவை ஆம்பளைங்க கூடிக் கூடி வேணாம்னு சொல்லிட்டே இருந்தாங்க. கடைசியில கூட்டாட்சி உச்ச நீதிமன்றம்தான் கட்டாயப்படுத்துச்சு. மேல ஒரு அடுக்கு வந்து கீழ இருக்கிற அவையோட முடிவை ரத்து பண்ணலன்னா அந்தப் பொம்பளைங்க இன்னும் எத்தனை வருஷம் நின்னிருப்பாங்க?

உங்க மொத விதி "அதிகாரம் முழுக்க அடி அவைக்குத்தான்"னு சொல்லுது. அந்த அவை என்னை ஒதுக்கினா நான் யார்கிட்ட போறது?

வரப்போரம்:

பழையவாசகி, நீங்க கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாம இந்த வரைவு ஒரு அடி நகரக் கூடாது, அதை மொதல்ல ஒத்துக்கிறேன்.

உரிமைக்கு ஒரு தரை வேணும், அந்தத் தரைக்குக் கீழ எந்த அவையும் போகக் கூடாது. ஓட்டு, வசிக்கிற உரிமை, தண்ணி, பள்ளிக்கூடம், யாரைக் கல்யாணம் பண்றது எங்க வேலை பாக்குறதுன்னு முடிவு பண்ற உரிமை, இதெல்லாம் அவையோட கைக்கு வெளிய இருக்கணும். ஒரு ஆள் அடி அவையைத் தாண்டி நேரா நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வழி வேணும், நடுவுல இருக்கிற அடுக்கு எதுவும் அனுமதி கொடுக்கத் தேவையில்லாம.

ஆனா ஒண்ணு கேக்குறேன், கோபப்படாதீங்க. உள்ளூர் ஆதிக்கம் உள்ளூர் அவை இல்லாததால ஒழிஞ்சுதா? அவைக்கு அதிகாரம் இல்லாத இடத்துல அதே பெரிய குடும்பம் அதிகாரியைப் புடிச்சு, கட்சிக்காரனைப் புடிச்சு அதே வேலையைச் செஞ்சுக்கும், கூட்டம் கூட இல்லாம செஞ்சுக்கும். அவை இருந்தா குறைஞ்சது தீர்மானம்னு ஒண்ணு எழுத்துல இருக்கும், கணக்குன்னு ஒண்ணு இருக்கும், எதிர்த்துப் பேச ஒரு நாள் இருக்கும்.

பழையவாசகி:

கோபம் இல்ல. ஆனா அந்த எழுத்தும் கணக்கும் தானா வராது, வெளியேர்ந்து விதியா வந்தாத்தான் வரும். இந்தியாவுல 73ஆவது திருத்தம் 1993ல நடைமுறைக்கு வந்தப்ப பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு எழுதினாங்க, பட்டியல் சாதி பழங்குடிக்கு மக்கள்தொகைக்குத் தக்க இடம்னு எழுதினாங்க. எந்தக் கிராம சபையும் தானா கூடி இதைத் தீர்மானம் போடல. 2004ல மேற்கு வங்கத்தையும் ராஜஸ்தானையும் வச்சு வந்த ஆய்வு, பெண்கள் தலைவரா இருந்த இடத்துல பெண்கள் கேக்குற வேலைக்கு, குறிப்பா குடிதண்ணிக்கு, அதிகமா செலவு பண்ணாங்கன்னு காட்டுச்சு. மேலேர்ந்து வந்த ஒரு விதி கீழ இருக்கிற அவையைத்தான் வலுப்படுத்துச்சு. அதனால மேல கீழன்னு ஒரு பக்கமே சாயாதீங்க.

அவையிலயும் ரகசிய ஓட்டு வேணும். கை தூக்குறது அழகாத்தான் இருக்கும், பயப்படுறவங்களுக்கு அது ஒத்து வராது. ஆளைப் பத்தின முடிவு, அதாவது யாரைச் சேக்கலாம் யாரை ஒதுக்கலாம்ங்கிறது, அவை ஓட்டுக்கே வரக் கூடாது. சுவிட்சர்லாந்துல எம்மென்ங்கிற ஊர்ல குடியுரிமை கேட்டவங்களை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க, இத்தாலியிலேர்ந்து வந்தவங்களுக்குக் கிடைச்சுது, பழைய யூகோஸ்லாவியாவுலேர்ந்து வந்தவங்களுக்கு இல்லன்னு போச்சு. 2003ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இப்படி ஓட்டுப் போடுறதே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. காரணம் சொல்லாம ஒருத்தரை நிராகரிக்க முடியாது, ஓட்டுச்சீட்டு காரணம் சொல்லாது.

அவைக்குறிப்பு:

இவ்வளவு நேரம் படிச்சுட்டு இருந்தேன், பணத்தைப் பத்தி யாருமே உருப்படியா பேசலயேன்னு வர்றேன். நான் ஒரு உள்ளாட்சி அமைப்புல கணக்குப் பிரிவுல இருந்தவன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன். அவை கூடும், தீர்மானம் போடும், எல்லாம் நடக்கும், ஆனா வர்ற பணம் ஒவ்வொண்ணும் இந்தத் தலைப்புக்குத்தான், இந்த அளவுதான், இந்த மாசத்துக்குள்ளதான்னு மேலயே எழுதி வரும். மக்கள் பள்ளத்துல தேங்குற தண்ணிக்கு வடிகால் கேப்பாங்க, அந்த வருஷத்துப் பணம் கட்டடத்துக்குன்னு வந்திருக்கும். ரெண்டு வருஷம் கேட்டுப் பார்த்துட்டு மூணாவது வருஷம் கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திடுவாங்க. தெற்குவாசல் நேரம் இல்லன்னு சொன்னாரு, நேரத்தை விட பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். வந்தா ஒண்ணு மாறும்னா ஜனங்க நேரம் ஒதுக்குவாங்க.

ஸ்வீடனைப் பாருங்க. 290 நகராட்சி, அதுக்கு மேல 21 ரீஜன் (வட்டார அரசு). பெரும்பாலான ஜனங்க கட்டுற வருமான வரி முழுக்க இவங்களுக்குத்தான் போகுது, ரெண்டும் சேர்த்து சராசரியா 32 சதவீதம் கிட்ட, விகிதத்தை அவங்களே முடிவு பண்றாங்க. மைய அரசோட வருமான வரி அதிக சம்பளக்காரங்களுக்கு மட்டும்தான் மேல கூடுதலா வரும். சுவிட்சர்லாந்துல கம்யூன் (உள்ளூராட்சி), கான்டன், கூட்டாட்சி மூணுமே வருமான வரி போடும். இந்த நாடுகள்ல உள்ளாட்சிக்கு உயிர் இருக்குதுன்னா அதுக்குக் காரணம் ஜனங்களோட பண்பாடு மட்டும் இல்ல, தன் கையால வரி போட்டு தன் கையால செலவு பண்றதுதான்.

இந்தியாவுல அரசியல் சட்டத்தோட பதினோராவது அட்டவணையில பஞ்சாயத்துக்குன்னு 29 துறை எழுதி வச்சிருக்கு, ஆனா அதுல எதைக் கொடுக்கிறது எவ்வளவு கொடுக்கிறதுன்னு மாநில சட்டமன்றத்தோட விருப்பத்துக்கு விட்டாச்சு. அதனாலதான் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கேரளா 1996ல திட்டப் பணத்துல 35லேர்ந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னு மொதல்ல அறிவிச்சுட்டு அப்புறம்தான் ஜனங்களைத் திட்டம் போடக் கூப்பிட்டாங்க. அந்த வரிசை முக்கியம். ஆளைத் தயார் பண்ணிட்டு அப்புறம் பணம் கொடுக்கலாம்னு காத்திருந்தா அந்த நாள் வரவே வராது.

ஆனா வரப்போரத்தோட ரெண்டாவது விதி, மேலேர்ந்து கீழ பணம் வரவே கூடாதுங்கிறது, ரொம்பத் தப்பான இடத்துல கொண்டு விடும். ஒரு அவை எல்லையில பெரிய ஆலை இருக்கும், பக்கத்து அவையில வறண்ட நிலம் மட்டும் இருக்கும். அவங்கவங்க வரி அவங்கவங்களுக்குன்னா பணக்கார அவை இன்னும் பணக்காரனாகும், வரியைக் குறைச்சு மத்த பணக்காரங்களையும் இழுக்கும். சமன்படுத்துற நிதி கட்டாயம் வேணும். அதுக்கு ரெண்டு நிபந்தனை: யாருக்கு எவ்வளவுன்னு ஒரு சூத்திரம் சட்டத்துலயே இருக்கணும், யாரும் போய்க் கெஞ்சி வாங்குறதா இருக்கக் கூடாது. கொடுத்த பணத்துக்குத் தலைப்பு கிடையாது, எதுக்குச் செலவு பண்றதுன்னு வாங்கின அவை முடிவு பண்ணும்.

நீர்த்துளி:

நான் கொஞ்சம் வேற பக்கத்துலேர்ந்து வர்றேன். எல்லாரும் ரஷ்ய பொம்மை மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா கச்சிதமா அடங்குற அமைப்பையே வச்சுப் பேசுறீங்க. ஆறு அப்படி ஓடாது. நிலத்தடி நீர் உங்க 150 குடும்பத்தோட எல்லையைப் பார்த்து நிக்காது. மேல இருக்கிற அவை ஜனநாயக முறைப்படி கூடி, ஏகமனதா தீர்மானம் போட்டு கழிவை ஆத்துல விட்டா, கீழ இருக்கிற அவை என்ன பண்ணும்?

நெதர்லாந்துல இதுக்கு தண்ணி வாரியங்கள்னு தனியா ஒரு அரசாங்கமே வச்சிருக்காங்க. சிலது 13ஆம் நூற்றாண்டுலேர்ந்து வருது. எல்லை நகராட்சி எல்லை இல்ல, தண்ணி ஓடுற எல்லை. தனித் தேர்தல், தனி வரி. 1950கள்ல ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தது, இணைஞ்சு இணைஞ்சு இப்ப 21. 1953 வெள்ளத்துல 1,800 பேருக்கு மேல செத்தப்புறம் சின்னச் சின்ன வாரியத்தால கரையைக் காப்பாத்த முடியாதுன்னு புரிஞ்சு இணைப்பு வேகமாச்சு. ஆக சின்னதா இருக்கிறது எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியாது, அந்த வேலைக்கு எந்த அளவு பொருந்துதுங்கிறதுதான் கணக்கு.

எலினார் ஆஸ்ட்ரம் (2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க) பாசனம், மீன்பிடி, காடு இதெல்லாம் நூத்துக்கணக்கான வருஷம் ஜனங்களே பாத்துக்கிட்ட இடங்களை அலசி எட்டு கொள்கை சொன்னாங்க. அதுல எட்டாவது, பெரிய வளங்களுக்கு இந்த அடுக்கு அமைப்புதான். ஆனா மத்த ஏழு இல்லாம அது நிக்காது. யாருக்குப் பங்கு உண்டுன்னு எல்லை தெளிவா இருக்கணும், விதியால பாதிக்கப்படுறவங்க விதியை மாத்த முடியணும், கண்காணிக்கிறவங்க அவங்களுக்கே பதில் சொல்றவங்களா இருக்கணும், தண்டனை சின்னதுல ஆரம்பிச்சு படிப்படியா கூடணும், தகராறைச் சீக்கிரமா செலவில்லாம தீர்க்க இடம் இருக்கணும், மேல இருக்கிற அரசு அவங்களைத் தானா அமைஞ்சுக்க விடணும். நம்ம பேச்சுல எட்டாவதுதான் முழுக்க ஓடுது, கண்காணிப்பைப் பத்தியும் தகராறு தீர்க்கிறதைப் பத்தியும் யாரும் ஒரு வரி எழுதல.

கூட்டுறவாளன்:

இதுவரைக்கும் கேட்டதெல்லாம் அமைப்புக்குள்ள இருக்கிற கோளாறு. எனக்கு அதை விட பெரிய கவலை, அமைப்பு நல்லா இருந்தும் பக்கத்துல ஒரே ஒரு கட்சி நின்னா என்ன ஆகும்ங்கிறது.

1917ல ரஷ்யாவுல தொழிற்சாலையிலயும் படையிலயும் கிராமத்துலயும் சோவியத்ங்கிற மக்கள் அவைகள் தானா முளைச்சுது, நிஜமாவே கீழேர்ந்து. 1918 அரசியல் சட்டம் அதையெல்லாம் அடுக்கடுக்கா கோத்து எழுதுச்சு. ஆனா அனைத்து ரஷ்ய காங்கிரசுக்கு நகரத்துல 25,000 வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி, கிராமப்புற மாகாணத்துல 1,25,000 மக்களுக்கு ஒரு பிரதிநிதி. எடையை யார் நிர்ணயிச்சது? ஏற்கனவே மேல உக்காந்தவங்க. மத்த கட்சிகள் ஒண்ணொண்ணா போனதும் சோவியத்ங்கிற பேர் மட்டும் மிஞ்சிச்சு. யூகோஸ்லாவியா 1974ல 406 ஷரத்துல ஒரு அரசியல் சட்டம் எழுதி, வேலை செய்யுற இடத்துலேர்ந்தும் குடியிருக்கிற இடத்துலேர்ந்தும் பிரதிநிதிக் குழு, அதுக்கு மேல அடுக்குன்னு ரொம்ப நுணுக்கமா கட்டுனாங்க. அங்கயும் மேல போகப் போக யாரு நிக்கலாம்னு முடிவு பண்ணது ஒரே கட்சிதான், ஜனங்களுக்கு அந்த ஷரத்துகளோட சிக்கலே புரியல.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு. மெக்சிகோவோட சியாபாஸ் மாநிலத்துல சபாட்டிஸ்டாக்கள்ங்கிற பழங்குடிக் கிளர்ச்சிக்காரங்க 2003ல நல்லாட்சிக் குழுக்கள்னு அஞ்சு அமைச்சாங்க, கிராமம், தன்னாட்சி நகராட்சி, அதுக்கு மேல குழு. இருபது வருஷம் நடத்தினாங்க. 2023 நவம்பர்ல அவங்களே அதைக் கலைச்சுட்டோம்னு அறிவிச்சாங்க. காரணமா சொன்னது, மேல இருக்கிற பொறுப்பாளர்களுக்கும் கிராமத்துக்கும் நடுவுல தகவல் போய்ச் சேரல, பிரமிடு மாதிரி ஆயிடுச்சுன்னு. இப்ப ஒவ்வொரு ஊர்லயும் உள்ளூர் தன்னாட்சி அரசு, மேல இருக்கிற கூட்டங்களுக்குத் தனி அதிகாரம் இல்ல, கீழ கூப்பிட்டாத்தான் அது கூடும். கட்சி புடிக்காமயே, நல்ல எண்ணம் இருக்கிறவங்க கையிலயே, அடுக்கு தானா பிரமிடா மாறிடுதுங்கிறதுக்கு இதை விட நேர்மையான சாட்சி கிடையாது.

எண்கணக்கன்:

கூட்டுறவாளன் சொன்னதையும் என் 27/125 கணக்கையும் சேர்த்து வச்சு யோசிச்சேன். பிரதிநிதி மேல போறது பிரச்சனை இல்ல, அவர் போகும்போது கீழ விழுந்த ஓட்டு அவரோட சேர்ந்து போகாம மறைஞ்சு போறதுதான் பிரச்சனை.

அதனால ரெண்டு மாத்தம். ஒண்ணு, அடி அவை ஒரு ஆளை அனுப்ப வேணாம், ரெண்டு மூணு பேரை விகிதாச்சாரத்துல அனுப்பட்டும், ஒவ்வொருத்தர் பேருக்கும் அவருக்கு விழுந்த ஓட்டு எவ்வளவோ அதுதான் மேல அவரோட எடை. 240 பேர் ஒரு பக்கம் 160 பேர் ஒரு பக்கம்னா மேலயும் 240, 160ன்னே எண்ணணும், 1, 0ன்னு எண்ணக் கூடாது. பெரிய விஷயங்களுக்குப் பிரதிநிதி ஓட்டே வேணாம், ஒரே நாள்ல எல்லா அடி அவையிலயும் ஓட்டெடுத்து நேரா கூட்டிக்கலாம். அப்ப 27 பேர் 98 பேரை அமுக்குறது கணக்குப்படியே முடியாது.

ரெண்டு, சுற்றிச் சுற்றி மேல அனுப்புறது ரெண்டாவது அடுக்கோட நிக்கட்டும். அதுக்கு மேல இருக்கிற அவைகளை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கட்டும். சீனாவுல மக்கள் காங்கிரஸ் கவுண்டி மட்டம் வரைக்கும்தான் நேரடித் தேர்தல், அதுக்கு மேல ஒவ்வொரு காங்கிரசும் அடுத்த காங்கிரசைத் தேர்ந்தெடுக்கும். ஒரு சாதாரண ஆளுக்கும் உச்சிக்கும் நடுவுல எத்தனை வடிகட்டி இருக்குன்னு பாருங்க. திரும்ப அழைக்கிற உரிமையும் வடிகட்டி வழியா போனா செத்துடும், மூணாவது அடுக்குல இருக்கிற ஆளை அழைக்க ரெண்டாவது அடுக்கு மனசு வைக்கணும்னா அது உரிமையே இல்ல.

பழையவாசகி:

திரும்ப அழைக்கிறது பத்தி ஒரு வரி. வட அமெரிக்கப் பழங்குடிகளோட இரோக்குவா கூட்டமைப்புல தலைவர்களை நியமிச்சதும், சரியா நடக்கலன்னா எச்சரிச்சு கொம்பைப் புடுங்கினதும் (பதவி அடையாளம் அதுதான்) குலத் தாய்மார்கள். தேர்ந்தெடுக்கிறவங்களும் பதவியில உக்கார்றவங்களும் வேற வேற ஆளா இருந்தது அதோட பலம். திரும்ப அழைக்கிற உரிமை கேக்குற அவையில இருக்கிற எல்லாரும் அடுத்த பதவிக்குப் போட்டி போடுறவங்களா இருந்தா அது பழிவாங்கல் ஆயிடும்.

தெற்குவாசல்:

அவைக்குறிப்பு சொன்னது, அதாவது மாத்தம் வந்தா ஜனங்க வருவாங்கங்கிறது, எனக்கு நம்பிக்கை கொடுக்குது. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரே நகரத்துல 1989ல பட்ஜெட்டை ஜனங்க கையில கொடுத்தப்ப ஏழைங்க இருக்கிற பகுதிகள்லேர்ந்துதான் அதிகமா வந்தாங்க, ஏன்னா சாக்கடையும் ரோடும் இல்லாதது அவங்களுக்குத்தான். ஆனா அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்து நகரக் கூட்டங்களை வருஷக்கணக்கா எண்ணிப் பார்த்ததுல சராசரியா வாக்காளர்ல அஞ்சுல ஒருத்தர்தான் வர்றாங்க, ஊர் பெருசாக ஆக இன்னும் குறையுது. அதனால எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வரணும்னு எதிர்பார்க்கிற அமைப்பு வேணாம். குலுக்கல் எடுங்க. பெல்ஜியத்துல ஜெர்மன் பேசுற பகுதியில 2019லேர்ந்து குலுக்கல்ல எடுத்த 24 பேர் நிரந்தரக் குழுவா இருந்து, எதைப் பத்தி விவாதிக்கணும்னு முடிவு பண்றாங்க, விவாதிக்கிறதுக்கு வேற குலுக்கல் குழு. வர்றவங்களுக்குப் படி கொடுக்கணும், குழந்தையைப் பாத்துக்க ஆள் வைக்கணும். இதுக்குச் செலவு ஆகும்தான், அதை ஜனநாயகத்துக்கான செலவா பட்ஜெட்ல எழுதுங்க.

வரப்போரம்:

எல்லாத்தையும் வச்சு வரைவைத் திருத்தி எழுதுறேன்.

அடி அவை 150 குடும்பம்தான், அது அப்படியே. உரிமைத் தரை நாட்டுச் சட்டத்துல, அவையில ரகசிய ஓட்டு, ஆளைச் சேக்குறது ஒதுக்குறது ஓட்டுக்கு வராது, நீதிமன்றத்துக்கு நேர் வழி. வரி கீழயே, அதோட சமன்படுத்துற நிதி சூத்திரப்படி, தலைப்பு இல்லாம. ரெண்டாவது அடுக்குக்கு விகிதாச்சாரப்படி, ஓட்டு எடையோட பிரதிநிதிகள், அதுக்கு மேல நேரடித் தேர்தல். தண்ணி, மின்சாரம், காடு மாதிரி எல்லைக்குள்ள அடங்காததுக்கு அந்தந்த வேலைக்குத் தகுந்த எல்லையில தனி வாரியம், நீர்த்துளி சொன்ன மாதிரி கண்காணிப்பும் தகராறு தீர்க்கிற இடமும் அதுக்குள்ளயே. வருஷா வருஷம் கணக்கைப் பார்க்க குலுக்கல் குழு, அதுல பக்கத்து அவைக்காரங்களும் இருக்கணும். உத்திரமேரூர்ல நிலத் தகுதியைத் தூக்கிப் போட்டுட்டு, கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி வாய்ப்பு இல்லங்கிற விதியை மட்டும் எடுத்துக்கிறேன்.

எண்கணக்கன் பென்சில் பத்தி சொன்னதுதான் இன்னும் தொங்குது. இத்தனை எல்லையையும் யார் வரையறது?

அவைக்குறிப்பு:

அதுக்கு சுவிட்சர்லாந்துல கிளாரஸ் கான்டன் கதையைப் பாருங்க. அங்க 25 கம்யூன் இருந்தது, சிலது ரொம்பச் சின்னது, பொறுப்புக்கு ஆளே கிடைக்கல. 2006ல கான்டன் அரசு பத்தா குறைக்கலாம்னு திறந்தவெளி அவை முன்னாடி வச்சுது. அந்தக் கூட்டத்துலயே ஒரு குடிமகன் பத்து வேணாம், மூணு போதும்னு மாத்துத் தீர்மானம் கொடுத்தாரு, கூட்டம் அதை ஏத்துக்குச்சு. எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருஷம் தனியா ஒரு அவை கூட்டி மறுபடி கேட்டாங்க, மறுபடியும் மூணுதான்னு சொல்லிட்டாங்க. 2011 ஜனவரி 1லேர்ந்து மூணு கம்யூன். மேலேர்ந்து யாரும் இணைக்கல, அங்க இருக்கிற ஜனங்களே இணைச்சுக்கிட்டாங்க. அதனால என் கருத்து, மொத எல்லையைக் குலுக்கல்ல எடுத்த குழு வரையட்டும், அப்புறம் ரெண்டு பக்கத்து அவையும் தனித்தனியா ஒத்துக்கிட்டா மட்டும் மாத்தலாம், பத்து வருஷத்துக்கு ஒருவாட்டி.

பழையவாசகி:

தனித்தனியா ஒத்துக்கிறதுங்கிறதுல ஒரு இடம் மட்டும் அடைக்கணும். பணக்கார அவை ஏழை அவையை இணைக்கச் சம்மதிக்காது, தன்னோட ஓரத்துல இருக்கிற ஏழைத் தெருவை வெட்டி விடவும் பார்க்கும். பிரியுறதுக்கு ஓட்டெடுத்தா பிரிக்கப்படுற தெருவோட ஓட்டைத் தனியா எண்ணணும், அவங்க வேணாம்னா வேணாம்.

அவைக்குறிப்பு:

சரி. அதையும் எழுதிக்குங்க வரப்போரம்.

வரப்போரம்:

எழுதிட்டேன். கண்காணிப்பு விதிகளை நீர்த்துளி தனியா ஒரு இழையில விரிவா போட்டா அங்க தொடரலாம், தண்டனை எதுல ஆரம்பிச்சு எங்க முடியணும்ங்கிறதுலதான் எனக்கு இன்னும் நிறைய கேள்வி இருக்கு.